வரையாடு பின்னும்போது ஸ்வெட்டர் பழக்கத்தை மறந்துவிடுங்கள்

மூணாறு குளிரில் ஸ்வெட்டரும் குல்லாவும் கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிற அக்காக்கள்கூட, உள்ளங்கை அளவு வரையாட்டுப் பொம்மை என்றால் தடுமாறுகிறார்கள். பழகிய கைதான் அங்கே காலை வாருகிறது. ஸ்வெட்டர் தொங்க வேண்டும், இழுத்தால் நீள வேண்டும். பொம்மைக்கு இரண்டுமே ஆகாது.

தவறு ஊசியிலேயே தொடங்கிவிடுகிறது. நூல்கண்டு லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால், அது உடுப்புக்குச் சொன்னது. பொம்மைக்கு 3 மி.மீ. எடுங்கள். கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், நெருக்கமாக விழும். விரல் கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. பின்னிய துண்டை இருபக்கமும் இழுத்துப் பாருங்கள். பின்னாலிருக்கும் விரல் தெரிந்தால் நாளைக்குப் பஞ்சும் தெரியும்.

பஞ்சில் நம் பக்கத்துக்கே உரிய சபலம் ஒன்று உண்டு. போடிமெட்டு இறங்கினால் போடியில் நல்ல இலவம் பஞ்சு கிடைக்கும்போது பாலியஸ்டர் எதற்கு என்று தோன்றும். ஆனால் இலவம் இழை குட்டை, வழுவழுப்பு. தலையணை உறை நெருக்கி நெய்த துணி என்பதால் உள்ளே நிற்கிறது. பின்னலில் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி. பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளையின் சட்டையெல்லாம் பஞ்சாகும். துவைத்தால் கட்டிகட்டியாகத் திரளும். இலவம்தான் வேண்டுமென்றால் மெல்லிய பருத்தித் துணியில் பை தைத்து, அதற்குள் அடைத்து வையுங்கள். எந்தப் பஞ்சானாலும் உருண்டையாகத் திணிக்காமல், பிய்த்து உதறி, குளம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, பென்சிலின் மொட்டை முனையால் தள்ளுங்கள். கழுத்தில் கஞ்சத்தனம் செய்தால் தலை தொங்கும்.

கொம்பில்தான் பலர் வரையாட்டை வீட்டு ஆடாக்கிவிடுகிறார்கள். மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் நின்று கவனித்தால் தெரியும்: கொம்பு மேலெழுந்து பின்பக்கமாக வளைகிறது, கிடாவுக்கும் பெட்டைக்கும். இந்த வளைவுக்காக உள்ளே கம்பி வைக்காதீர்கள். நாளடைவில் நுனி வெளியே வந்து குத்தும். இருமுனை ஊசியில் 4 கண்ணி ஏற்றி, வரிசை முடிந்ததும் திருப்பாமல் மறுமுனைக்குத் தள்ளிப் பின்னிக்கொண்டே போனால் குழலாக வரும். அதன் பின்பக்கம் ஒரு நூலை ஓட்டி மெல்ல இழுத்து முடிச்சுப் போட்டால் தானாக வளையும்.

முதிர்ந்த கிடாவின் முதுகில் வெளிர்நிறத் திட்டு உண்டு. நிறம் மாறும் இடத்தில் இரண்டு நூலையும் ஒருமுறை ஒன்றோடொன்று முறுக்காவிட்டால் அங்கே பிளவு விழும். அடர்பழுப்பு நூலை வெளிர் நூலுக்குப் பின்னால் விறைப்பாக இழுத்துச் சென்றாலோ முதுகு சுருங்கும். இந்தப் பாடெல்லாம் வேண்டாமென்றால் பெட்டையைப் பின்னுங்கள், ஒரே நிறத்தில் முடிந்துவிடும்.

நாலு காலும் ஒரே உயரம் வர டேப் பிடிக்காதீர்கள், வரிசையை எண்ணுங்கள். உடம்பை அகலப்படுத்த, இரண்டு கண்ணிக்கு நடுவே கிடக்கும் நூலைத் தூக்கிப் பின்னும்போது பின்புறமாக ஊசி விட்டு முறுக்கினால்தான் ஓட்டை விழாது. உறுப்புகளைச் சேர்க்கக் குண்டூசி குத்தினால், எத்தனை குத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளே போய்விட்டால் தடவியும் கிடைக்காது.

கண்ணுக்குப் பட்டனும் மணியும் அழகுதான். ஆனால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். கறுப்பு நூலால் கண்ணைத் தைத்துவிடுங்கள், அதுவும் பஞ்சடைத்து முகம் உருண்ட பிறகு. முன்கூட்டியே தைத்தால் அடைக்கும்போது இடம் நகர்ந்து மாறுகண்ணாகும்.

கடையில் உல்லன் என்று தருவதில் பெரும்பாலும் அக்ரிலிக்தான். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் சப்பையாகிப்போகும், திரும்ப எழாது. துவைத்தால் முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். ஜூன், ஜூலை மழையில் மட்டும் துவைக்க வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் நின்று பூஞ்சை வாடை ஏறும். அழுக்கான இடத்தை ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.