சொந்தமாக விக்கி எழுதுகிறீர்களா? முதலில் வரலாறு, அப்புறம் பூட்டு

விக்கி, அதாவது பலர் சேர்ந்து திருத்தும் இணையப் பக்கங்களுக்கான மென்பொருள், எழுதுவது ஒரு சனிக்கிழமை வேலை. பக்கத்தைத் திறக்க, திருத்த, சேமிக்க என்று மூன்று பொத்தான், கீழே ஒரு எஸ்கியூலைட் ஃபைல் (ஒரே ஃபைலில் அடங்கும் தரவுத்தளம்), அவ்வளவுதான். தலைவலி நாலாவது வாரம் ஆரம்பிக்கும். யாரோ ஒரு பத்தியைத் தூக்கியிருப்பார், யார் என்று தெரியாது. அடுத்த நாள் இன்னொருவர் வந்து, "இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிய வேண்டாம், பூட்டு போட முடியுமா?" என்று கேட்பார். முதல் பிரச்சினைக்கு மாற்ற வரலாறு வேண்டும், இரண்டாவதற்கு அனுமதிகள் வேண்டும். பத்திலிருந்து ஐம்பது பேர் வரை பயன்படுத்தும் ஒரு விக்கியில் இரண்டையும் எப்படிக் கட்டுவது என்று வரிசையாகப் பார்ப்போம். பைத்தானோ பிஎச்பியோ, எந்த மொழியில் எழுதினாலும் யோசனை ஒன்றுதான்.

பெரும்பாலானவர்கள் பூட்டில் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் 1995 மார்ச் 25 அன்று வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியை இணையத்தில் ஏற்றியபோது, வருகிற யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கத்தையும் திருத்தலாம் என்பதுதான் ஏற்பாடு. அது எப்படி ஓடியது என்றால், கெடுப்பதற்கு ஆகும் நேரத்தைவிடச் சரிசெய்ய ஆகும் நேரம் குறைவாக இருந்தால் போதும். எழுதும் அனுமதியைத் தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டால் ஒரே சொடுக்கில் பழையபடி ஆக்கிவிடலாம். படிக்கும் அனுமதியைத் தவறான ஆளுக்குக் கொடுத்தால் முடிந்தது, படித்ததை யாரும் மறக்கப் போவதில்லை. அதனால் எழுதுவதற்குத் தாராளமாகவும், படிப்பதற்குக் கறாராகவும் இருங்கள். கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

படி 1: இரண்டு டேபிள்

'பக்கம்' என்று ஒரு டேபிள். அதில் பக்க எண், தலைப்பு, இப்போதைய திருத்த எண், இவ்வளவு போதும். உரையை இதில் வைக்காதீர்கள்.

'திருத்தம்' என்று இன்னொன்று. திருத்த எண், பக்க எண், முந்தைய திருத்த எண், எழுதியவரின் எண், நேரம், சுருக்கக் குறிப்பு, முழு உரை, மறைப்பு. கடைசியில் உள்ள 'மறைப்பு' என்ன என்று படி 6-இல் வரும். இப்போதைக்கு அதில் பூஜ்யம் போட்டு வையுங்கள்.

இந்த இரண்டாவது டேபிளுக்கு ஒரே சட்டம்: வரியைச் சேர்க்கலாம், ஏற்கெனவே உள்ள வரியின் உரையை மாற்றக் கூடாது, அழிக்கக் கூடாது. ஆரம்பகால விக்கிப்பீடியா ஓடிய யூஸ்மாட்விக்கி மென்பொருள் பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாளில் தானே கழித்துவிடும். 2001-இன் தொடக்கத் திருத்தங்கள் பல அப்படித்தான் காணாமல் போயின. 2010 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் நிரலாளர் டிம் ஸ்டார்லிங் ஒரு பழைய பேக்கப்பைக் கண்டெடுத்த பிறகுதான் அவை மறுபடி கிடைத்தன. உங்களுக்கு அப்படி ஒரு பேக்கப் மாட்டும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

'ஒவ்வொரு தடவையும் முழு உரையையா சேமிப்பது, இடம் போதுமா?' என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். ஒரு பக்கம் 5 கிலோபைட், 1,000 பக்கம், ஒவ்வொன்றிலும் 50 திருத்தம் என்றால் 250 மெகாபைட். சுருக்கி வைத்தால் அதுவும் நன்றாகக் குறையும். டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் இதைத்தான் செய்கிறது, பழைய பதிப்பு ஒவ்வொன்றையும் ஜிஜிப் முறையில் சுருக்கி 'பரண்' என்று பொருள்படும் பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். பரண் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், தேவைப்படாது என்று ஏற்றியதை ஒருநாள் ஏணி வைத்துத் தேடுவோம் அல்லவா. வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும் வழியும் உண்டு. 1980-களில் வந்த ஆர்சிஎஸ் என்ற பதிப்புக் காக்கும் மென்பொருள் அப்படித்தான், கடைசிப் பதிப்பை முழுசாக வைத்து, பின்னோக்கி வித்தியாசங்களை அடுக்கும். ஆனால் நடுவில் ஒரு வித்தியாசம் கெட்டால் அதற்கு முந்தைய எல்லாம் போச்சு. ஆரம்பத்தில் முழு உரையே நல்லது.

தலைப்பைத் திருத்த டேபிளில் வைக்காததற்கும் காரணம் உண்டு. விக்கிப்பீடியா இப்போது ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் 1.5 பதிப்புக்கு முன், அதாவது 2005 வரை, இப்போதைய உரை ஒரு டேபிளிலும் பழைய உரைகள் இன்னொன்றிலும் இருந்தன, பழைய வரிகள் ஒவ்வொன்றிலும் தலைப்பும் எழுதப்பட்டிருக்கும். ஆயிரம் திருத்தம் கண்ட பக்கத்தின் பெயரை மாற்றினால் ஆயிரம் வரியையும் தொட வேண்டும். பக்க எண்ணைக் கொண்டு இணைத்துவிட்டால் ஒரு வரியோடு வேலை முடிந்தது. எழுதியவரின் பெயரும் அப்படியே, எண்ணை மட்டும் வையுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் கணக்கை முடக்குங்கள், அழிக்காதீர்கள்; அழித்தால் அவர் எழுதியதெல்லாம் அநாதையாகிவிடும். நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) வையுங்கள், காட்டும்போது உள்ளூர் நேரமாக மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: சேமிக்கும்போது ஒரு கேள்வி

ஒரே பக்கத்தை இரண்டு பேர் திறக்கிறார்கள். இவர் சேமிக்கிறார், இரண்டு நிமிடம் கழித்து அவர் சேமிக்கிறார், இவருடைய வேலை காற்றில் போயிற்று. இதைத் தடுக்க, திருத்தும் படிவத்தில் 'எந்தத் திருத்த எண்ணிலிருந்து ஆரம்பித்தேன்' என்பதை மறைவாக அனுப்புங்கள். சேமிக்க வரும்போது பக்கத்தின் இப்போதைய எண் அதுவேதானா என்று பாருங்கள். ஆம் என்றால் புதிய வரியைச் சேர்த்து, பக்க டேபிளின் எண்ணை நகர்த்துங்கள். இந்த ஒப்பீடும் நகர்த்தலும் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது நடுவில் யாரும் புக முடியாத ஒரே செயலாக, நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடுக்கில் இன்னொருவர் புகுந்துவிடுவார். எண் மாறியிருந்தால் இருவரின் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தட்டி முடித்த உரையை மட்டும் தயவுசெய்து தொலைத்துவிடாதீர்கள். ஒருமுறை தொலைந்தால் அந்த ஆள் உங்கள் விக்கி பக்கம் திரும்பமாட்டார்.

டோக்குவிக்கி வேறு மாதிரி: ஒருவர் திறந்ததும் பக்கத்தைப் 15 நிமிடம் பூட்டி வைக்கும். சின்னக் குழுவுக்கு அதுவும் ஓடும். ஆனால் திறந்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு.

படி 3: வித்தியாசம் காட்டுவதில் தமிழ்ச் சிக்கல்

ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். உரைகளை ஒப்பிடும் பைத்தானின் டிஃப்லிப் நூலகத்தை எடுத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், 'கிளி' என்பதை 'கீளி' என்று யாரோ கெடுத்ததைக் காட்டும்போது 'க' தனியாகவும், சிகப்புப் பின்னணியில் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் 'ி' தொங்கிக்கொண்டும் நிற்கும். கணினிக்கு க ஒரு குறி, 'ி' இன்னொரு குறி. எனவே சொல் சொல்லாக ஒப்பிடுங்கள். முதலில் வரி, மாறிய வரிக்குள் சொல். வாசிக்கிறவருக்கும் அதுதான் வசதி.

இன்னொன்று இதைவிட விவகாரமானது. 'கொள்முதல்' என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறி, அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறி. திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு தலைப்பு. 'கொள்முதல்' பக்கத்துக்கு நீங்கள் போட்ட பூட்டு, இன்னொரு விசைப்பலகையில் தட்டிய 'கொள்முதல்' பக்கத்துக்குப் பொருந்தாது! தீர்வு சுலபம்: உள்ளே வரும் உரை, தலைப்பு எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றிவிட்டுத்தான் சேமிக்கவோ ஒப்பிடவோ வேண்டும். பைத்தானில் ஒரு வரி வேலை. காப்பி பேஸ்டில் ஒட்டிவரும் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இடைவெளிகளை என்எஃப்சி நீக்காது, தலைப்பிலாவது அவற்றை நீங்களே களையுங்கள். 'கௌ' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள' எழுத்தும் போட்டு ஒப்பேற்றுகிறவர்களை எந்த வடிவமும் காப்பாற்றாது, அது நம் தலையெழுத்து.

படி 4: பழையதுக்குத் திரும்புதல்

சின்ன விஷயம். 12-ஆம் திருத்தம் கெட்டுப்போனது, 11-க்குத் திரும்ப வேண்டும் என்றால் 12-ஐ அழிக்கக் கூடாது. 11-இன் உரையை எடுத்து 13 என்று புதிதாகச் சேருங்கள், குறிப்பில் '11-க்குத் திரும்பியது' என்று தானாக எழுதுங்கள். பக்கத்தை நீக்குவதும் இப்படியே, வெற்று உரையோடு ஒரு திருத்தம்.

படி 5: அனுமதி கேட்க ஒரே இடம்

இப்போது பூட்டு. நிரல் கோடு முழுக்க 'இவர் அட்மினா?' என்று சிதறி எழுதாதீர்கள், ஒரே ஒரு ஃபங்ஷன் வையுங்கள்:

அனுமதி_உண்டா(யார், என்ன_செயல், எந்தப்_பக்கம்)

பதில் ஆம் அல்லது இல்லை. உள்ளே விதிகளின் டேபிள்: பக்கத்தின் பெயர் அல்லது பெயர்மாதிரி ('*' என்றால் எந்தப் பெயரும்), குரூப், அளவு. அளவுக்கு டோக்குவிக்கியின் ஏணி நன்றாக இருக்கும்: 0 ஒன்றுமில்லை, 1 படிக்க, 2 திருத்த, 4 உருவாக்க, 8 ஃபைல் ஏற்ற, 16 அழிக்க. மேல் படியில் நிற்கிறவருக்குக் கீழ்ப்படி எல்லாம் உண்டு. 'கணக்கு:சம்பளம்' என்ற பக்கத்துக்கு முதலில் அந்தப் பக்கத்தின் பெயரிலேயே விதி இருக்கிறதா, இல்லையென்றால் 'கணக்கு:*' என்று இருக்கிறதா, அதுவும் இல்லையென்றால் '*' என்று மேலே ஏறிப் பாருங்கள். கிட்டத்தில் இருக்கும் விதிதான் செல்லும். எதுவுமே பொருந்தாவிட்டால் 'இல்லை'. இந்தக் கடைசி வாக்கியத்தைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். மேலே சொன்ன கொள்முதல் விவகாரத்தில்கூட, இயல்பு விடை 'இல்லை' என்றிருந்தால் ஒன்றும் கசிந்திருக்காது.

விதியை ஆளுக்கு எழுதாமல் குரூப்புக்கு எழுதுங்கள். மூன்று நான்கு குரூப்புக்கு மேல் தேவைப்பட்டால், கோடை விட்டுவிட்டு ஆட்களிடம் போய்ப் பேசுங்கள், பெரும்பாலும் பாதி பூட்டு தேவையே இருக்காது. அப்புறம், அனுமதியை யார் எப்போது மாற்றினார்கள் என்பதும் வரலாறுதான், அதற்கும் சேர்க்க மட்டும் முடிகிற ஒரு டேபிள்.

படி 6: வரலாறே ஒரு பின்வாசல்

முன்பு ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, சர்வர் பாஸ்வேர்டுகள் இருந்த பக்கத்தை நானே பூட்டினேன். பக்கத்தைத் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று வந்தது, மனநிறைவோடு வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பையன், "அண்ணா, ரெண்டு நம்பர் மாத்திப் போட்டுப் பாத்தேன், இதுல பாஸ்வேர்டு தெரியுதே" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். இரண்டு திருத்தங்களை ஒப்பிடும் பக்கத்தில் நான் அனுமதியே கேட்கவில்லை. அன்று மாலை முழுக்க எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

ஆகவே உரை வெளியே போகும் வழிகளை எண்ணுங்கள்: பழைய பதிப்பு, ஒப்பீடு, தேடல் முடிவின் துணுக்கு, அண்மைய மாற்றங்கள் பட்டியலின் குறிப்பு வரி, ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய மாற்றங்களைத் தானாகத் தரும் பட்டியல்), மின்னஞ்சல் அறிவிப்பு, ஒரு பக்கத்தை இன்னொன்றுக்குள் இழுக்கும் வசதி, கேஷ் (வேகத்துக்காக எடுத்து வைத்த நகல்), ஏற்றிய ஃபைல்களின் நேரடி முகவரி. பக்கவாரியாகப் படிப்பதைத் தடுப்பதற்காக மீடியாவிக்கி உருவாக்கப்படவில்லை என்று அதன் ஆவணமே எச்சரிப்பது இந்த வழிகளால்தான். ரகசியம் நிறைய இருந்தால் தனி விக்கி ஒன்றை நிறுவுவது மலிவு.

திருத்தத்துக்குள் பாஸ்வேர்டோ ஒருவரின் வீட்டு முகவரியோ போய்விட்டால்? அப்போதும் வரியை அழிக்காதீர்கள், மறையுங்கள். டேபிளின் 'மறைப்பு' கட்டத்தில் மீடியாவிக்கி போல எண் வையுங்கள்: 1 என்றால் உரை மறைவு, 2 குறிப்பு, 4 எழுதியவர் பெயர். கூட்டிக்கொள்ளலாம், 3 என்றால் உரையும் குறிப்பும். வரலாற்றில் அந்த வரி நேரத்தோடு நிற்கும், உள்ளே இருப்பது மட்டும் தெரியாது. ஒன்றை மறக்க வேண்டாம், அதே ரகசியம் அடுத்தடுத்த திருத்தங்களிலும் இருக்கும். அது முதலில் நுழைந்ததிலிருந்து நீக்கப்பட்டது வரை எல்லா வரியையும் மறைக்க வேண்டும். கசிந்த பாஸ்வேர்டை மறைத்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

படி 7: அந்நியனாக நுழைந்து பாருங்கள்

'சோதனை:ரகசியம்' என்று ஒரு பக்கம் உருவாக்கி, உள்ளே வேறெங்கும் வராத ஒரு சொல்லை எழுதுங்கள். நான் 'பனங்கிழங்குவண்டி' என்று எழுதுவேன். நான்கைந்து முறை திருத்தி, ஒரு படத்தையும் ஏற்றிவிட்டுப் பூட்டுங்கள். பிறகு லாகின் இல்லாத பிரவுசரில் மேலே சொன்ன வழிகள் ஒவ்வொன்றிலும் போய் அந்தச் சொல்லையும் படத்தையும் தேடுங்கள். இதையே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டாக எழுதி, கோடை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட விடுங்கள். என்னுடையதில் பக்கங்கள் எல்லாம் மூடியிருந்தன, படம் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு திறந்தது, வெப் சர்வர் அதை விக்கியைக் கேட்காமலேயே நேராக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபைல் ஃபோல்டரை வெப் சர்வரின் பொதுப் பாதைக்கு வெளியே நகர்த்தி, அதையும் அதே அனுமதி_உண்டா வழியாக வர வைத்தேன். இருபது நிமிட வேலை.