மருதாணி சிவக்காமல் போவது ஏன்? அரைப்பதிலிருந்து கழுவுவது வரை நடக்கும் தவறுகள்

தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி மருதாணி வைத்துக்கொண்டு, விடிந்ததும் கையைப் பார்த்து முகம் வாடுகிறவர்கள் ஏராளம். கை பூசணிக்காய் நிறத்தில் இருக்கும். இலை சரியில்லை, பொடி கலப்படம், ‘சூட்டு உடம்புக்குத்தான் சிவக்கும்’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு நாள் கணக்கில்தான் இருக்கிறது.

மருதாணி இலையை நசுக்கும்போது அதிலிருந்து லாசோன் என்ற சாயம் வெளிப்படுகிறது. அது தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மருதாணியை உதிர்த்த நேரத்தில் அதன் நிறம் ஆரஞ்சு. பிறகு காற்று பட்டுப் பட்டு ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் செங்கல் நிறத்துக்கும், அங்கிருந்து கருஞ்சிவப்புக்கும் வருகிறது. இதற்கு 24 முதல் 48 மணி நேரம் ஆகும். எந்தப் பாட்டி வைத்தியமும் இதை ஒரு மணி நேரமாகச் சுருக்காது. தீபாவளி திங்கட்கிழமை என்றால் மருதாணி சனிக்கிழமை ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் மணப்பெண்ணுக்கு வியாழன் மாலையே சரி. வெள்ளி பகலுக்குமேல் தள்ளக் கூடாது.

எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மேல்தோல் தடிமன். சாயம் தங்க நிறைய இடம் உண்டு. புறங்கையிலும் முழங்கைக்கு மேலேயும் தோல் மெலிது. ஒரே கோனில் ஒரே நேரத்தில் போட்டாலும் அங்கே வெளிறித்தான் வரும். அதற்காகக் கோனைக் குறை சொல்ல வேண்டாம். ‘சூட்டு உடம்பு’ என்பதில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. கை வெதுவெதுப்பாக இருந்தால் சாயம் நன்றாக இறங்கும். ஏசி அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வைத்துக்கொள்வதால் நிறம் குறைவது இதனால்தான்.

இலை பறித்து அரைப்பவர்களுக்கு

கிளை நுனியில் இருக்கும் இளம் இலைகளைப் பறியுங்கள். சாயம் அதிகம் இருப்பது இளம் இலையில்தான். அதிலும் காம்பிலும் நடு நரம்பிலும். பலர் காம்பைச் சிரத்தையாகக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. குச்சியாக முற்றிய தண்டையும் முள்ளையும் மட்டும் நீக்கினால் போதும்.

அடுத்த தவறு தண்ணீர். கழுவிய இலையை ஈரத்தோடு மிக்ஸியில் போட்டு, சுற்றவில்லை என்று அரை டம்ளர் தண்ணீரும் ஊற்றினால் கிடைப்பது சட்னி. அது விரல் நுனியில் தொப்பியாக நிற்காமல் மணிக்கட்டுவரை வழியும். கழுவிய இலையைத் துணியில் பரப்பி ஈரம் போக உலர விடுங்கள். ஒருவரின் இரு கைகளுக்கும் இரண்டு கைப்பிடி இலை, உடைத்த கொட்டைப்பாக்கு பாதி, சுண்டைக்காய் அளவு புளி அல்லது ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு போதும். முதலில் பாக்கைத் தனியாகப் பொடித்துக்கொண்டு, பிறகு இலையைச் சேர்த்து, தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்து அரையுங்கள். உருட்டி உள்ளங்கையில் வைத்தால் வழியாமல் நிற்க வேண்டும்; விரலில் எடுத்தால் நரநரவென்று இருக்கக் கூடாது. திப்பியாக இருக்கும் விழுது தோலோடு முழுசாக ஒட்டாது. ஒட்டாத இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும்.

பாக்கு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சிவக்க வைப்பது இலைதான். புளியும் எலுமிச்சையும் லேசான அமிலத்தன்மை தந்து சாயம் வெளிவர உதவுகின்றன. ஆனால் நிறம் கூடும் என்று முழு எலுமிச்சையைப் பிழிவது தோலை வறளச் செய்யும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் திட்டுத்திட்டாகக் கருத்துப்போகவும் வாய்ப்பு உண்டு. மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டு மருதாணி உலர்த்தும் பழக்கம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

அரைத்த விழுதை வழித்தெடுக்க வெறுங்கையை விடாதீர்கள். அரைத்தவரின் உள்ளங்கை முழுக்கச் சிவந்துவிடும். கரண்டி எடுங்கள். பச்சை இலை விழுது அன்றைக்கு அன்றே, முடிந்தால் அரைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்விட வேண்டும்.

பொடி கரைத்துக் கோன் போடுபவர்களுக்கு

நல்ல பொடிக்குப் பெயர்போன ஊர் ராஜஸ்தானில் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத். சோஜத் மெஹந்திக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பாக்கெட்டில் ஊர்ப் பெயர் இருப்பது மட்டும் போதாது. பொடி எப்போது அரைத்தது, எப்படி வைத்திருந்தது என்பதைப் பாருங்கள். வெளிச்சமும் ஈரமும் பட்டு, பழுப்பு ஏறி, வைக்கோல் வாசம் வரும் பொடியில் சாயம் பாதி போயிருக்கும். மறுபக்கம், கிளிப்பச்சையாக மின்னும் பொடியையும் சந்தேகப்படுங்கள். நனைத்த டிஷ்யூ காகிதத்தில் ஒரு சிட்டிகை தூவுங்கள். சில நொடிகளிலேயே அடர்பச்சை கசிந்து பரவினால் பார்வைக்காகப் பச்சைச் சாயம் சேர்த்திருக்கலாம். தலைக்குப் பூசும் சாதாரணப் பொடியைக் கோனுக்கு எடுக்கக் கூடாது. அது கொரகொரப்பாக இருக்கும். கோனின் முனை அடைத்துக்கொண்டே இருக்கும்.

50 கிராம் பொடிக்கு 120 முதல் 150 மில்லி திரவம் வேண்டும். வெறும் தண்ணீர், ஆறிய டீ டிகாக்‌ஷன், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் எதுவானாலும் சரி. அதோடு 15 கிராம் சர்க்கரை, 15 மில்லி லாவெண்டர் எண்ணெய். இந்த அளவில் 25 கிராம் கோன் எட்டு வரும். முழுத் திரவத்தையும் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி தட்டும். முக்கால் பங்கை ஊற்றிக் கெட்டியாகப் பிசைந்து, எண்ணெயைக் கலந்து, விழுதின் மேல் படும்படி பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி வையுங்கள். சர்க்கரை விழுதை இளக்கிவிடும், அதனால் அதைக் கடைசியில் சேருங்கள். மீதித் திரவத்தை வைத்துப் பதம் சரிசெய்து, மெல்லிய துணியில் அல்லது பழைய நைலான் காலுறையில் வடிகட்டிக் கோனில் நிரப்புங்கள்.

இங்கேதான் அவசரம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கரைத்த உடனே போட்டால் சாயம் இன்னும் வெளியே வந்திருக்காது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி சுமாருக்கு, ஆறு முதல் எட்டு மணி நேரம் ஊற வேண்டும். மேல்பரப்பு பழுப்பாகி, கிளறினால் உள்ளே பச்சையாக இருந்தால் பதம். சந்தேகம் என்றால் உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள். பளிச்சென்று ஆரஞ்சு தெரிய வேண்டும். சீக்கிரம் ஆகட்டும் என்று கொதிநீர் ஊற்றுபவர்கள் உண்டு. சூட்டில் சாயம் விரைவாக வெளிவரும். அதே வேகத்தில் வலுவிழந்தும் போகும். ஊறிய விழுதை ஒரு நாளுக்கு மேல் வெளியே வைத்தாலும் இதே கதிதான். மீந்த கோன்களை ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். சிறு சிறு கோன்களாக உறையவையுங்கள். உருக்குவதும் திரும்ப உறையவைப்பதும் கூடாது.

எண்ணெய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நீலகிரித் தைலமும் நிறத்தைக் கூட்டும், ஆனால் காரம் அதிகம். குழந்தைகள் கைக்கு அது வேண்டாம். கிராம்பு எண்ணெய் பெரியவர்களுக்கே தோலை எரிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் கலப்பதைச் சிலர் ‘டிரிக்’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கையில் ஏறிய பிறகு

க்ரீம் பூசிய கையில் மருதாணி வைப்பது மெழுகுத் தாளில் எழுதுவது போலத்தான். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, உடனே தொடங்குங்கள். வாக்ஸிங் செய்வதென்றால் ஒரு நாள் முன்பே முடித்துவிடுங்கள்; பின்னால் செய்தால் சிவந்த மேல்தோலே உரிந்து வந்துவிடும்.

விழுது ஈரமாக இருக்கும்வரைதான் சாயம் தோலுக்குள் இறங்கும். மெல்லிய கோடு பத்து நிமிடத்தில் காய்ந்து வேலையை நிறுத்திவிடும். அதனால் கோட்டைச் சற்றுத் தடிமனாக, தடவினால் மேடு தெரியும்படி போடுங்கள். ஹேர் டிரையர் வைத்துக் காய வைப்பது நிறத்துக்கு நேர் எதிரி. மேல்பகுதி லேசாக இறுகியதும், அதாவது இருபது முப்பது நிமிடத்தில், இரண்டு டீஸ்பூன் எலுமிச்சைச் சாற்றில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றுங்கள். சர்க்கரை உதிராமல் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் காக்கும். பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்தால் டிசைன் கலைந்து கோடுகள் ஒன்றோடொன்று கூடிவிடும். ஒற்றினால் போதும், இரண்டு மூன்று முறை.

குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் இரவு முழுதும் இருக்கட்டும். தூங்கும்போது டிஷ்யூ சுற்றி மேலே மருத்துவ டேப் ஒட்டலாம். பிளாஸ்டிக் பையை நேராகக் கட்டினால் வியர்த்து ஊறிப் படர்ந்துவிடும்.

காலையில் எழுந்ததும் குழாயைத் திறப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தண்ணீரே வேண்டாம். முனை மழுங்கிய கத்தியின் முதுகால் சுரண்டி உதிர்த்து, மிச்சத்தை நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய் தடவித் தேய்த்து எடுங்கள். அதன் பிறகும் பன்னிரண்டு மணி நேரமாவது பாத்திரம் துலக்கல், துணி துவைத்தல் வேண்டாம். குளித்துத்தான் ஆக வேண்டும் என்றால் கையில் எண்ணெய் பூசிக்கொண்டு குளியுங்கள். தோசைக்கல்லில் கிராம்பு போட்டு அந்த வெதுவெதுப்பில் கையைக் காட்டுவது நல்ல பழக்கம்தான். கல்லைத் தொடும் தூரத்துக்குப் போக வேண்டாம். சுண்ணாம்பு தடவி நிறத்தை ஏற்றுவது மட்டும் ஆபத்து. அது தோலைப் புண்ணாக்கும்.

‘ஐந்தே நிமிடத்தில் சிவக்கும்’ கோன்

மேலே சொன்ன தவறுகளில் போவது நிறம் மட்டும்தான். இதில் போவது தோல்.

லாசோனால் கறுப்பு நிறம் தர முடியாது. கருஞ்சிவப்பு, கரும்பழுப்பு வரைதான். ‘பிளாக் மெஹந்தி’ என்று விற்பதில் கறுப்பைத் தருவது பெரும்பாலும் பாரா-ஃபீனைலின்டைஅமைன், சுருக்கமாக பி.பி.டி. இது தலைச்சாயத்தில் கட்டுப்பாட்டோடு சேர்க்கப்படும் ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும்போது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தோலில் வரைய அனுமதியே இல்லை. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2006இல் இதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. பாதிப்பு உடனே தெரியாது. இரண்டு மூன்று நாளில், முதல்முறை என்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூட, வரைந்த கொடியும் பூவும் அப்படியே கொப்புளமாக எழும்பும். ஆறினாலும் தழும்பு நிற்கலாம். அதைவிடக் கவலை தருவது, பி.பி.டி.யை உடம்பு ஒருமுறை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது. பத்து வருடம் கழித்து நரைக்குச் சாயம் பூசும்போது முகம் வீங்கலாம்.

பத்து நிமிடத்தில் ரத்தச் சிவப்பாகும் ‘இன்ஸ்டன்ட்’ கோன்களும் இயற்கையானவை அல்ல. அப்படிப்பட்ட சில கோன்களில் சோடியம் பிக்ரமேட் என்ற தலைச்சாயப் பொருள் இருந்தது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது. கடையில் அடையாளம் காண வழி எளிது. உண்மையான மருதாணி விழுது அறை வெப்பத்தில் சில நாள்கூடத் தாங்காது. வெளியே தொங்கும் கோனில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காலாவதித் தேதி போட்டிருந்தால் உள்ளே வேறு ஏதோ நிறம் தருகிறது என்று அர்த்தம். உள்ளடக்கப் பட்டியல் இல்லாத கோனைக் கையில் எடுக்கவே வேண்டாம். திருமணங்களுக்கு வரும் மெஹந்திக் கலைஞரிடம், ‘எப்போ கரைச்சீங்க? என்னென்ன போட்டீங்க?’ என்று கூச்சமில்லாமல் கேளுங்கள். தாமே கரைப்பவர் சந்தோஷமாகச் சொல்வார்.

எரிச்சல் தொடங்கினால் காத்திருக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். புதுக் கோன் எதுவானாலும் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்ப்பது நல்லது.

இயற்கை மருதாணியே ஆகாதவர்களும் உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு லாசோன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும். கைக்குழந்தைகளுக்கு அந்தக் குறைபாடு இருப்பதே வீட்டாருக்குத் தெரிந்திருக்காது. அதனால் தொட்டில் வயதுக் குழந்தைக்கு மருதாணி வேண்டாம். அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால் நகத்தையும் விட்டுவிடுங்கள். மருத்துவமனையில் நகத்தின் நிறத்தைப் பார்ப்பார்கள்.

தலைக்குப் பூசுவது தனிக் கதை. ஒன்று மட்டும்: நரைமுடியில் மருதாணி ஆரஞ்சாகத்தான் வரும். கறுப்பு வேண்டுமானால் அதைக் கழுவிய பிறகு அவுரிப் பொடியைத் தனியாகக் கரைத்துப் பூச வேண்டும்.

கையில் ஏறிய நிறம் ஒன்று முதல் இரண்டு வாரம் நிற்கும். ஸ்க்ரப், பிளீச்சிங் பவுடர், நீச்சல்குளக் குளோரின் மூன்றும் அதைச் சீக்கிரம் கரைக்கும். தினமும் ராத்திரி இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் அதை நீட்டிக்கும். திட்டுத்திட்டாக மங்கிப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால், எண்ணெயில் தூளுப்பு கலந்து வெந்நீரில் மெல்லத் தேய்த்து மூன்று நான்கு நாளில் போக்கலாம். நகத்தில் மட்டும் இந்த வித்தை பலிக்காது. விரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். முழுக்க மாற ஆறு மாதம்வரை ஆகும். நகத்தில் வைப்பதா வேண்டாமா என்பதை அதைக் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள்.