கம்மாய்க் கரையைப் பிடித்துப் போங்கள்: ராமநாதபுரம் பக்கம் சைக்கிள் ஓட்ட

ராமநாதபுரத்தில் சைக்கிள் ஓட்ட நல்ல ரோடு எது என்று யாரைக் கேட்டாலும் கிழக்குக் கடற்கரைச் சாலையைத்தான் கைகாட்டுவார்கள். போகாதீர்கள். பெயரில்தான் கடற்கரை, கடல் கண்ணில் படுவது ஏதோ கொஞ்ச தூரம், மற்ற நேரமெல்லாம் மீன் லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மதுரை–ராமேசுவரம் நெடுஞ்சாலை அதைவிட மோசம், விடியற்காலையில் ராமேசுவரம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் வண்டி ஓட்டி வருகிறவர்கள் அந்த ரோட்டில் அதிகம்.

உங்களுக்கு வேண்டியது கம்மாய். ஏரியைத்தான் இந்தப் பக்கம் இப்படிச் சொல்வார்கள், எழுதினால் கண்மாய், வாயில் வருவது கம்மாய்தான், நானும் அப்படியே எழுதுகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒன்று இருக்கும், அதன் கரையை ஒட்டி ஒரு ஒற்றைத் தார் ரோடு பெரும்பாலும் இருக்கும், அந்த ரோட்டில் லாரிக்கு வேலை இல்லை.

கண்டுபிடிப்பது சுலபம். போனில் மேப்பைத் திறந்து செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துத் தரை மேற்கே இருந்து கடலைப் பார்த்து லேசாகச் சரிந்துகொண்டே வருவதால், ஓடிவருகிற மழைத்தண்ணீரை மறிப்பதற்குக் கிழக்கிலும் தெற்கிலுமாக வில் மாதிரி வளைத்துக் கரை போட்டிருப்பார்கள். அந்த வில்லைத் தேடுங்கள். வில்லுக்கு உள்பக்கம் தண்ணீர், வெளிப்பக்கம் வயல், வயலை ஒட்டி ஊர், ஊரை இணைக்கிற ரோடு. ஒரு கம்மாயின் கலுங்கில், அதாவது நிறைந்தால் தண்ணீர் வெளியேறக் கட்டியிருக்கிற இடத்தில், வழிகிற தண்ணீர் கீழே இருக்கிற அடுத்த கம்மாய்க்குப் போகும், அதனால் ஒன்றைப் பிடித்துவிட்டால் பக்கத்திலேயே இன்னொன்று கிடைக்கும். அப்புறம் ஒரு குறிப்பு: அந்த ஊருக்கு டவுன் பஸ் போகிறதா என்று டீக்கடையில் கேளுங்கள். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பஸ் வருகிற ஊர் என்றால் தார் ஓரளவு உருப்படியாக இருக்கும், போக்குவரத்தும் இருக்காது. பஸ்ஸே போகாத ஊர் என்றால் ரோடு பாதியில் மண்ணாகிவிட வாய்ப்பு உண்டு.

கரை கிழக்கே இருப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. காலையில் கரைமேல் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், எதிரே நிற்கிற கூழைக்கடாவும் கரண்டிவாயனும் இறகு இறகாகத் தெரியும். சாயங்காலம் போனால் கண் கூசுவதுதான் மிச்சம். கரைமேல் சைக்கிளை ஏற்றலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள், காரணம் முள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை வருகிறவர்கள் ராமநாதபுரம் டவுனில் கிளம்பி, ஊரை ஒட்டியே இருக்கிற சக்கரக்கோட்டை கம்மாயைப் பார்த்துவிட்டு, திருப்புல்லாணி வழியாகச் சேதுக்கரை போய்த் திரும்புங்கள். மொத்தம் முப்பது கிலோமீட்டர் பக்கம் வரும், மேடு என்று ஒன்று கிடையாது. சக்கரக்கோட்டை 2012இல் பறவைகள் சரணாலயம் ஆனது, இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. இவ்வளவு பெருமையும் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். திருப்புல்லாணி வரைக்கும் கீழக்கரை ரோடு என்பதால் ஆறரை மணிக்குள் அதைத் தாண்டிவிடுங்கள். கோயிலைக் கடந்து சேதுக்கரைக்குத் திரும்பியதும் உலகமே அடங்கிவிடும், ரெண்டு பக்கமும் பனை, எதிரே நாலு கிலோமீட்டரில் கடல், அதற்குமேல் ரோடு கிடையாது. அமாவாசையில் மட்டும் போகாதீர்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம், தர்ப்பணம் கொடுக்க வருகிற வேன்களுக்கு நடுவில் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது.

கால் பழகினவர்களுக்கு உத்தரகோசமங்கை, சிக்கல் வழியாக மேலச்செல்வனூர் கீழச்செல்வனூர். போய்வர எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் ஆகும், அதனால் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1998இல் சரணாலயமான அந்தக் கம்மாய் கிட்டத்தட்ட அறுநூறு ஹெக்டேர், தண்ணீர் நிறைந்த வருஷத்தில் அக்கரை தெரியாது. உத்தரகோசமங்கையில் மார்கழித் திருவாதிரைக்கு மரகத நடராசர் மேலிருக்கும் சந்தனத்தைக் களைகிறார்கள், அதைப் பார்க்கக் கூட்டம் கூடும், அந்த ரெண்டு நாளும் இந்த வழி வேண்டாம்.

வடக்கே ஆர்.எஸ். மங்கலம் பெரிய கம்மாயைப் பற்றி நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்வார்கள், ஒரு நாரை ஒரே மூச்சில் தாண்ட முடியாத நீளம் என்று அர்த்தம். பெரிய ரோட்டில் போகாமல் மடைக்கு மடை ஊர் வழியாகவே போனால் அழகான வழி, ஆனால் பத்து இடத்தில் வழி கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் இடது வலது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மேக்க போய்த் தெக்க திரும்புங்க என்பார்கள். சூரியனைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? கார்த்திகை முதல் மாசி வரைக்கும். அதற்கு முன்னால் கம்மாயில் தண்ணீர் இருக்காது, அதற்குப் பின்னால் வெயில் இருக்கும், சித்திரையில் கம்மாயின் உள்வாய்க்குள், அதாவது தண்ணீர் நின்ற தரையில், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். அடைமழை நாளில் கலுங்கு வழிந்து தரைப்பாலத்தின் மேல் ஓடினால், முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்காதீர்கள், திரும்பி வாருங்கள். முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கம்மாய்களுக்குப் போகிறவர்கள் மழை விட்டு ரெண்டு நாள் பொறுங்கள். அது கரிசல், மட்கார்டுக்குள் ஏறி அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டி எடுத்துத்தான் நகர வேண்டும்.

காற்றையும் கணக்கில் சேருங்கள், மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு. மழைக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், ஆனி ஆடியில் கச்சான் தென்மேற்கிலிருந்து தள்ளும். தெம்பு இருக்கிற காலையில் காற்றை எதிர்த்துப் போய், வெயில் ஏறின பிறகு அதையே முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புகிற மாதிரி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மாற்றிச் செய்தேன், கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்கு ரெண்டு மணி நேரம் ஆனது.

சரி, முள். இந்த மாவட்டம் முழுக்கச் சீமைக்கருவேலம், அதன் முள் சாதாரண டயரைத் துளைத்து டியூபுக்குப் போய்விடும், பிடுங்கினால் நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். பஞ்சர் ஒட்டி, காற்றடித்து, அரை கிலோமீட்டர் போனதும் அதே இடத்தில் மறுபடியும் புஸ்ஸென்று இறங்கும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் மெதுவாகத் துடைத்து வாருங்கள், துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். மாற்று டியூப் ரெண்டும் கைப்பம்பும் கட்டாயம். உங்கள் சைக்கிளில் மெல்லிசான பிரெஸ்டா வால்வு இருந்தால் அதற்குப் போடுகிற பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், ஊர்ப் பஞ்சர் கடைகளில் அந்த வால்வுக்குக் காற்றடிக்க வழி இருக்காது.

தை மாசியில் ரோடே களம். கதிரடித்த வைக்கோலைத் தார்மேல் பரப்பியிருப்பார்கள், பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஏற்றினால் பின்சக்கரத்து கியரில் சுற்றிக்கொள்ளும். நான் ஒரு தடவை அப்படி மாட்டி ரோட்டோரம் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக உருவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு அக்கா கதிர் அரிவாளைக் கொண்டுவந்து கொடுத்து, “அறுத்து எறிங்க தம்பி, உருவிக்கிட்டு இருந்தா பொழுது போயிரும்” என்றார். ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. கொஞ்ச நாளில் வைக்கோல் போய் மிளகாய் வந்துவிடும், 2023இல் புவிசார் குறியீடு வாங்கின முண்டு மிளகாய், ரோட்டில் ஒரு பாதி முழுக்கச் சிவப்பாகக் காயும். அதன்மேல் ஏற்றாதீர்கள், மூக்கைக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

தண்ணீர் மூன்று பாட்டிலாவது வேண்டும். கடலோர ஊர்களில் கிணறு பெரும்பாலும் உப்பு, குடிதண்ணீருக்குப் பெண்கள் நாலைந்து குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்து வெகுதூரம் தள்ளி வருகிறார்கள். கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறேன், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நிழலுக்குக் கரையோர அய்யனார் கோயில் இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காரலாம். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நில்லுங்கள், அதற்கும் சுவாரசியம் போய்விடும்.

சேதுக்கரை மாதிரிக் கடலோரம் போய்வந்தால் வீட்டுக்கு வந்ததும் செயினிலும் ஸ்போக்கிலும் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். ரெண்டு மக் போதும், ஆனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் செயின் செம்மண் நிறத்தில் இருக்கும்.