தேன்பெட்டிக் கணக்கை எல்லோரும் ஒரே தாளில் எழுத

மார்த்தாண்டம் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் எங்கள் குழுவில் கணக்கு என் பொறுப்பு. ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடும் பிப்ரவரி, மார்ச்சில்தான் தேன் வரத்து. (ரப்பரில் தேன் பூவிலிருந்து அல்ல, இளம் இலைக் காம்பிலிருந்து சுரப்பது.) அப்போது பெட்டிகள் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறை என்று பல தோட்டங்களில் கிடக்கும். ஒரே எக்செல் கோப்பை ஆளாளுக்குத் திருத்தி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கடைசிக் கணக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும். எக்செல் மாதிரிதான், ஆனால் நெட்டில் ஒரே தாளாக இருக்கும், எல்லோரும் அதிலேயே எழுதலாம். ஜிமெயில் இருந்தால் இலவசம். 15 ஜிபி இடம் மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான், ஆனால் கணக்குத் தாள் பெரிதாக இடம் பிடிக்காது. எடுத்த எடுப்பிலேயே டாக்ஸ், ஃபார்ம்ஸ், காலண்டர் என்று எல்லாவற்றையும் திறந்தால் ஆட்கள் மிரண்டுவிடுவார்கள். எல்லோருக்கும் தினமும் வேண்டிய ஒரே ஒரு தாள் போதும்.

தேதி, தோட்டம், பெயர், பெட்டி, கிலோ, குறிப்பு. இவ்வளவுதான் எங்கள் தலைப்புகள். தோட்டத்துக்கும் பெயருக்கும் கட்டாயம் டிராப்டவுன் (அடிக்காமல் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுப்பது) வையுங்கள். ஒருவர் 'பேச்சிப்பாற' என்றும் இன்னொருவர் 'பேச்சிப்பாறை' என்றும் அடித்தால், கூட்டும்போது அது இரண்டு தோட்டமாகிவிடும். போனில் தமிழில் அடிக்க கூகுளின் கீபோர்டு ஆப்பான ஜிபோர்டு நல்லது. டிடிபி கடையில் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தாகக் குழம்பி வரும். முதலில் யூனிகோடுக்கு (எல்லா போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறை) மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஷேர் பட்டன். இங்கேதான் நிதானம் வேண்டும். 'லிங்க் இருந்தால் யாரும் எடிட் செய்யலாம்' என்று வைத்து குரூப்பில் போடுவது சுலபம், ஆனால் அந்த லிங்க் எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவரின் மெயிலையும் தனித்தனியாகச் சேருங்கள். தேன் எடுப்பவர்கள் எடிட்டர் (எழுதலாம்), மற்றவர்கள் வியூவர் (பார்க்க மட்டும்). தலைப்பு வரியை மட்டும் கம்ப்யூட்டரில் டேட்டா மெனுவுக்குப் போய்ப் பூட்டிவிடலாம்.

ஒருவர் தன் பெயரை மேலே கொண்டுவர வரிசை மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும். அதற்குத்தான் ஃபில்டர் வியூ. அவரவருக்கு மட்டும் தெரியும். யாராவது எதையாவது அழித்துவிட்டாலும் பதற வேண்டாம். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரியும், பழைய நிலைக்கே திரும்பவும் முடியும்.

சந்தேகத்தைக் குரூப்பில் கேட்காமல் அந்தக் கட்டத்திலேயே கமெண்டாகப் போடுங்கள். "அண்ணே, பன்னிரண்டு பெட்டிக்கு மூணு கிலோதானா? மழையா?" என்று எழுதி, @ போட்டு அவர் மெயிலைச் சேர்த்தால் அவருக்குத் தகவல் போகும். பதில் வந்ததும் கமெண்டை முடித்துவிடலாம், கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

மலையோரத் தோட்டங்களில் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. ஷீட்ஸ் ஆப்பில் தாளின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, ஆஃப்லைனில் கிடைக்கும்படி வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே எழுதியது, திரும்ப நெட் கிடைத்ததும் தானாக ஏறிவிடும்.

போனில் எழுத விரும்பாத பெரியவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். சாயங்காலம் அவர்கள் கூப்பிட்டுச் சொல்வதை நானே ஏற்றுகிறேன். குறிப்பில் 'போனில் சொன்னது' என்று போட்டுவிடுவேன்.