முதல் டிரைசூட் வாங்குமுன்: சிங்கப்பூரிலிருந்து குளிர்கடலுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரிதான். புலாவ் ஹந்து தீவில் முக்குளிக்க மெல்லிய வெட்சூட் (தண்ணீர் உள்ளே வரும் ரப்பர் உடை) போதும். ஆகவே இங்கே டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடை) வாங்குகிறவர் வெளியூர்த் தண்ணீருக்காகத்தான் வாங்குகிறார்: ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா, ஸ்காட்லாந்தின் ஸ்கேப்பா ஃப்ளோ, ஹொக்கைடோவின் பனிக்கட்டிக் கடல். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. வெயிலில் வந்து, டி-சர்ட்டின் மேலேயே சூட்டைப் போட்டுப் பார்த்து, கச்சிதமாக இருக்கிறது என்று காசைக் கட்டிவிடுகிறார்கள். தடித்த உள்ளுடையோடு போடும்போது அதே சூட்டில் கையைத் தூக்க முடியாது.

டிரைசூட்டின் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது. உடம்பைச் சூடாக வைப்பது உள்ளுடையும் அதில் தங்கும் காற்றும்தான். அதனால் எந்தக் கடல், எத்தனை டிகிரி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சில்ஃப்ராவில் தண்ணீர் எப்போதும் 2 முதல் 4 டிகிரி. அதற்கு மெரினோ கம்பளி உள்சட்டையும் அதன்மேல் 400 கிராம் வகை (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தடிமன் கணக்கு) உள்ளுடையும் வேண்டும். 12 டிகிரித் தண்ணீருக்குப் பலருக்கு 200 கிராம் வகையே போதும். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிர வைக்கும். உள்ளுடையை வாங்கிய பிறகு, அதைப் போட்டுக்கொண்டு சூட்டைப் பாருங்கள்.

போட்டதும் கண்ணாடி முன் நின்று பார்ப்பது சோதனை ஆகாது. குந்தி உட்காருங்கள். ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வையுங்கள். இரு கைகளாலும் உங்களையே கட்டிப்பிடியுங்கள். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகில் இருக்கும் சிலிண்டரின் வால்வு இருக்கும் உயரத்தைத் தொடுங்கள். தொட முடியவில்லை என்றால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. சூட்டுக்குள் தோள்பட்டை வார் இருந்தால் அதைச் சரியாக இழுத்து மாட்டிய பிறகே சோதிக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்புப் பகுதி கீழே தொங்கி, நல்ல அளவும் தவறான அளவாகத் தெரியும்.

தொளதொளவென்று இருப்பது இறுக்கத்தைவிட ஆபத்து. காலில் துணி அதிகம் இருந்தால், தலை கீழே சாயும்போது காற்று பாதத்துக்கு ஓடும். பூட்ஸ் உப்பும், ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) கழன்றுவிடும், கால் மேலாக மிதக்கத் தொடங்கும். காற்றை வெளியேற்றும் வால்வு இடது மேற்கையில் இருப்பதால், கால் மேலே இருக்கும்வரை அந்தக் காற்றை வெளியே விட வழியில்லை. கட்டுப்பாடு இல்லாமல் மேலே வருவது இப்படித்தான் நேர்கிறது.

ஐரோப்பிய, அமெரிக்க அளவுப் பட்டியலில் உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், நம்மில் பலருக்குக் காலின் நீளம் ஒத்துவராது. உடலுக்கு அளவெடுத்துத் தைக்கக் கொடுப்பதே நல்லது. ஆனால் அங்கும் ஒரு தவறு நடக்கிறது. தயாரிப்பாளர் பெரும்பாலும் வெறும் உடம்பின் அளவைக் கேட்டு, உள்ளுடைக்கான இடத்தைத் தானே சேர்த்துக்கொள்வார். அது தெரியாமல் உள்ளுடைமேல் அளவெடுத்து அனுப்பினால் அந்த இடம் இரண்டு முறை சேர்ந்துவிடும். படிவத்தை முழுக்கப் படியுங்கள், இன்னொருவரை அளவெடுக்கச் சொல்லுங்கள், வயிற்றை உள்ளிழுக்காதீர்கள். பாத அளவைத் தடித்த காலுறையோடு எடுங்கள். இப்போது இருக்கும் ஃபின் அந்த பூட்ஸுக்குப் பெரும்பாலும் நுழையாது. பெரியது வாங்கப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

துணியைப் பொறுத்தவரை, இங்கிருந்து விமானத்தில் போகிறவருக்கு எங்கள் பரிந்துரை டிரைலாமினேட், அதாவது மூன்று அடுக்கு ஒட்டிய மெல்லிய துணி. எடை குறைவு, மடிக்கலாம், சீக்கிரம் காய்ந்துவிடும். அதற்குச் சொந்தச் சூடு கிடையாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நியோப்ரீன் (வெட்சூட்டின் ரப்பர்) உடம்போடு ஒட்டி இருக்கும், தானும் கொஞ்சம் சூடு தரும். ஆனால் கனமானது. நுரை நியோப்ரீன் ஆழத்தில் நசுங்குவதால் சூடும் மிதப்பும் இரண்டுமே குறையும். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் இறுகப் பிடிக்கும் விளிம்புகளான சீல்களைப் பலர் கவனிப்பதே இல்லை. லேட்டெக்ஸ் நன்றாக நீளும், விலை குறைவு, கிழிந்தால் வேறு ஒட்டலாம். சிலிகோன் மென்மையானது, லேட்டெக்ஸ் ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்றது. அதைப் பசையால் ஒட்ட முடியாது, வளையம் பொருத்திய சூட்டில்தான் மாட்டலாம். பயணத்தின் நடுவில் சீல் கிழிந்தால் அந்த வளையம்தான் காப்பாற்றும், கடற்கரையிலேயே மாற்றிவிடலாம்.

புதிய கழுத்துச் சீல் அநேகமாக இறுக்கமாகவே வரும். மூச்சுத் திணறினாலோ, முகம் சிவந்தாலோ, தலை சுற்றினாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து நாடியில் அழுத்தம் விழுந்தால் இதயத் துடிப்பு குறையக்கூடும். கூரான கத்தரிக்கோலால் சீலின் விளிம்பில் ஒரு சுற்று மட்டும் வெட்டி, போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் அடுத்ததை வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் சிறு பிசிறு இருந்தாலும் அங்கிருந்தே கிழியும். மணிக்கட்டில், முஷ்டியை மடக்கும்போது தசைநார் புடைத்து இரு பக்கமும் பள்ளம் விழும். தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் நுழைகிறது. சீலைக் கையின் மேல்பக்கமாக இன்னும் கொஞ்சம் ஏற்றி விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும்.

தாலிச் சங்கிலி, வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சங்கிலி சீலுக்கு அடியில் சிக்கினால் ஒழுகும், வளையல் கிழிக்கும். தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு லேட்டெக்ஸ் கழுத்துச் சீலை மாட்டக் கூடாது. எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். வாசனைப் பவுடரையும் தவிர்த்து, வாசனை சேர்க்காத டால்க் பயன்படுத்துங்கள்.

ஜிப் முதுகில் இருந்தால் மூடிவிட இன்னொருவர் வேண்டும். தனியாகப் பயணம் போகிறவர் முன்பக்க ஜிப் கேளுங்கள்.

சூட்டுக்குக் காற்று தரும் குழாய்க்கு, ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் கருவி) முதல் நிலையில், அதாவது சிலிண்டரில் மாட்டும் பகுதியில், குறைந்த அழுத்தத் துளை ஒன்று காலியாக இருக்க வேண்டும். அந்த ரெகுலேட்டரே குளிருக்கு ஆகுமா என்றும் பாருங்கள். ரெகுலேட்டருக்கான ஐரோப்பியத் தரக் குறியான ‘இஎன் 250’ஓடு ‘10 டிகிரிக்கு மேல்’ என்று பொறித்திருந்தால் அது குளிர்நீருக்கானது அல்ல. உறைந்து காற்றை நிற்காமல் கொட்டிவிடக்கூடும்.

டிரைசூட் பயிற்சிக்கு முன்பே சூட் வாங்குவதும் தவறுதான். வாடகைச் சூட்டில் நாலைந்து முறை முக்குளித்த பிறகுதான் உங்களுக்கு எது ஒத்துவரும் என்று தெரியும். இங்குள்ள குளத்தில் பழகும்போது மெல்லிய உள்ளுடை போதும். தடித்ததைப் போட்டுக்கொண்டு கரையில் நின்றால் வெப்பத்தால் மயக்கம் வந்துவிடும்.

பயணங்களுக்கு இடையே சூட் கெடுவது வீட்டில்தான். நல்ல தண்ணீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் காயவையுங்கள். வீவக அடுக்குமாடி வீட்டின் துணிக்கம்பில் வெயிலில் தொங்கவிட்டால் லேட்டெக்ஸ் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். காய்ந்ததும் ஜிப் கூர்மையாக மடங்காதபடி தளர்வாகச் சுருட்டி, ஸ்டோர் ரூமில் ஈரம் உறிஞ்சும் பெட்டியோடு வையுங்கள். மின்மோட்டார் ஓடும் இடம் வேண்டாம். அதிலிருந்து வரும் ஓசோன் வாயு ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.

பழைய சூட் வாங்கினால், காசு கொடுக்குமுன் ஒழுகல் சோதனை செய்யக் கேளுங்கள். மணிக்கட்டுச் சீல்களில் புட்டியும் கழுத்தில் பந்தும் நுழைத்து அடைத்து, வெளியேற்றும் வால்வை இறுக மூடி, காற்று நிரப்பி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். துணியில் ஓரிரு இடத்தில் குமிழி வந்தால் ஒட்டிவிடலாம். ஜிப் நெடுக வந்தால் முழு ஜிப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.