தோண்டினால் தங்க இடம் கிடைக்கும்!

ஆங்கிலக் குறுக்கெழுத்தில் ‘அகழாய்வுகள்’, ‘தங்குமிடம்’ இரண்டும் ஒரே குறிப்பில் வந்து, பக்கத்தில் 4 என்றிருந்தால் முதலில் ‘டிக்ஸ்’ போட்டுப் பாருங்கள். டி, ஐ, ஜி, எஸ். தோண்டுவது சரி, தங்குவது எப்படி வந்தது? ‘டிக்கிங்ஸ்’ என்ற சொல்லின் சுருக்கம் அது. பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் வாடகை அறை. நான் வெகுநாள் ‘ஃப்ளாட்’ என்று எழுதி அழித்திருக்கிறேன், அதுவும் 4 எழுத்தாச்சே! கடைசிக் கட்டத்தில் எஸ் விழுகிறதா என்று குறுக்கே போகும் சொல்லை வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம், ‘குத்தல் பேச்சுகள்’, ‘முழங்கையால் இடிக்கிறார்’, ‘ரொம்பப் பிடிக்கிறது’ என்று கேட்டாலும் இதே சொல் விடையாகலாம். குறிப்பு ஒருமையில், 3 கட்டம்தானா? எஸ்ஸை விட்டுவிடுங்கள்.