நிலநடுக்க சென்சார்: திரையில் வரும் எண்ணை நம்பும் முன்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஜன்னல் கண்ணாடி லேசாகக் கடகடத்தால் முதலில் வரும் கேள்வி "குவாரியில வெடி வச்சாங்களா?" என்பதுதான். நிலநடுக்கமோ என்ற சந்தேகம் அப்புறம்தான் வரும். இப்போது பாலிடெக்னிக் மாணவர்கள் முடுக்கத்தை, அதாவது வேகம் மாறும் வீதத்தை, அளக்கும் சில நூறு ரூபாய் சென்சார் ஒன்றை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் மாட்டி, நிலநடுக்கக் கருவி என்று கண்காட்சியில் வைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே படிப்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

அந்த சிப்புக்குள் இருப்பது, நுண்ணிய சிலிக்கான் வில்களில் தொங்கும் ஒரு குட்டி எடை. தரை சட்டென நகரும்போது சட்டமும் கூடவே நகரும், எடை பின்தங்கும். டிரைவர் திடீரென பஸ்ஸை எடுத்தால் நிற்பவர் பின்னால் சாய்வதைப் போல. அந்தப் பின்தங்கலால் எடைக்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் உள்ள இடைவெளி மாறுகிறது, அவற்றுக்கிடையே மின்னேற்றம் தேங்கும் அளவான மின்தேக்குத் திறன் மாறுகிறது, அதிலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது. ஆய்வு நிலையங்களில் உள்ள உயர்ரகக் கருவிகள் எடையை நகரவிடுவதே இல்லை. அதை நடுவிலேயே பிடித்து வைக்க எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் அங்கே அளவு.

இந்த எண்ணை ரிக்டரோடு குழப்பக் கூடாது. ரிக்டர் வகை அளவு ஒரு நிலநடுக்கத்துக்கு ஒன்றுதான். முடுக்கம் ஊருக்கு ஊர் மாறும். 2001 புஜ் நிலநடுக்கத்தின் அளவு 7.7. இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் ஒரு கட்டடத்தின் தரைத்தளக் கருவியில் பதிவானது சுமார் 0.11 ஜி. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு.

புவியீர்ப்பு என்றதும் அடுத்த சிக்கல். சும்மா கிடக்கும் சென்சாரே செங்குத்து அச்சில் 1 ஜி காட்டும். அதைக் கழித்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பார்கள். பெட்டி ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் கிடைமட்ட அச்சில் 0.017 ஜி பொய்யாக ஏறும். நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893, அதன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் தருமபுரியை மூன்றாம் மண்டலத்தில் வைத்துத் தந்த மண்டலக் காரணி, அதாவது கணக்கில் எடுக்க வேண்டிய தரை முடுக்கம், 0.16 ஜி. அதில் பத்தில் ஒரு பங்கு வெறும் சாய்விலேயே வந்துவிடுகிறது, பாருங்கள்.

பெட்டியை எதில் பொருத்துகிறோம் என்பதும் முக்கியம். மேசை மேல் டேப் போட்டு ஒட்டினால் மேசையின் ஆட்டம் பதிவாகும். மொட்டை மாடியில் வைத்தால் கட்டடத்தின் ஆட்டம். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் 1967-இல் வந்த நிலநடுக்கத்தின் புகழ்பெற்ற 0.63 ஜி கூட அணைக்குள் இருந்த நடைக்கூடத்தில் பதிவானது, திறந்த தரையில் அல்ல. நம் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். அதன் மேல் சின்னதாக கான்கிரீட் மேடை போட்டு, போல்ட்டு முடுக்கி, ரசமட்டம் பார்த்து வைப்பதே சரி.

என்னைக் கேட்டால், கண்ணுக்கே தெரியாமல் ஏமாற்றுவது வேறொன்று. பக்கத்து ரைஸ் மில் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 24 அதிர்வு. சென்சாரிடம் நொடிக்கு 25 முறை அளவு வாங்கினால், அந்த 24 அதிர்வு திரையில் நொடிக்கு 1 அதிர்வாகத் தெரியும். அசல் நிலநடுக்கம் மாதிரியே நிதானமான அலை! பிறகு மென்பொருளில் எவ்வளவு சராசரி எடுத்தாலும் அந்தப் பொய்யைப் பிரிக்க முடியாது. நொடிக்கு 100 அல்லது 200 முறை அளவெடுங்கள். சிப்பிலேயே வடிகட்டி இருந்தால் அளவெடுக்கும் வேகத்தில் பாதியை எட்டும் முன்பே தொடங்கி, அதற்கு மேலான அதிர்வுகளை வெட்டும்படி அதை அமையுங்கள்.

குவாரி வெடிக்கு வருவோம். சென்சார் உச்சமாக 0.1 ஜி காட்டுகிறது, ஊர் பதறுகிறது. அதிர்வு நொடிக்கு 40 முறை என்றால் தரை நகர்ந்தது ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குதான். அதே 0.1 ஜி நொடிக்கு ஒரு முறை என்ற வேகத்தில் வந்தால் தரை இரண்டரை சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போய் வருகிறது. முன்னது கண்மூடித் திறப்பதற்குள் முடியும். பின்னது பல நொடி நீடித்தால் கட்டடத்தை உலுக்கும். உச்ச எண்ணை மட்டும் சொல்லி, அதிர்வெண்ணையும் நேரத்தையும் சொல்லாமல் விட்டால் அது பாதிச் செய்திதான். வெடி அதிர்வைப் பெரும்பாலும் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று தரை நகரும் வேகத்தைக் கொண்டு அளப்பதும் சும்மா இல்லை.

தரை எவ்வளவு நகர்ந்தது என்று அறிய முடுக்கத்தை இருமுறை தொகையிடுவோரும், அதாவது நொடிக்கு நொடி கூட்டி முதலில் வேகத்தையும் பிறகு தூரத்தையும் கணக்கிடுவோரும் உண்டு. கருவியில் 0.001 ஜி பிழை ஒட்டியிருந்தால் போதும், ஒரே நிமிடத்தில் உங்கள் கணக்கில் தருமபுரி ஏறக்குறைய 18 மீட்டர் நகர்ந்திருக்கும். அடிக்கோட்டை, அதாவது அசைவே இல்லாதபோது கருவி காட்டும் அளவை, சுழியத்துக்குத் திருத்தி, மெதுவான அலைகளை வடிகட்டாமல் அதில் இறங்காதீர்கள்.

விலை குறைந்த சிப்களின் சொந்த இரைச்சலே 0.002, 0.003 ஜி வரை போகும். லேசான அதிர்வு அதற்குள் மூழ்கிவிடும். கருவி காட்டவில்லை என்பதற்காக, அதிர்வை உணர்ந்தேன் என்கிறவரைப் பொய்யர் ஆக்க வேண்டாம்.

பொருத்துவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடலாம், செலவே இல்லை. பெட்டியை நேராக வைத்து அளவெடுங்கள், பிறகு தலைகீழாக வைத்து எடுங்கள். ஒன்று +1, மற்றது -1 காட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது கருவியின் பிழை. மற்ற இரு அச்சுகளுக்கும் இதையே செய்து, அப்புறம் ஓர் இரவு முழுக்கத் தொடாமல் ஓடவிட்டு, வெறும் இரைச்சல் எவ்வளவு என்று குறித்து வையுங்கள்.